விலைக்கு வாங்கிய சாட்சிகள்

வீட்டில் குழாய் உடைந்தால் அடுத்த வீட்டுக்காரரைக் கேட்பதே நம் நாட்டு வழக்கமாக இருந்தது. "இன்னாரைக் கூப்பிடுங்கள், நாணயமான மனிதர்" என்று அவர் சொல்வார். அந்தச் சொல்லுக்குப் பின்னால் அவருடைய பெயரும் முகமும் நின்றன. வந்தவர் வேலையைக் கெடுத்துவிட்டால், சிபார்சு செய்தவரையே மறுநாள் வாசலில் நிறுத்திக் கேட்கலாம். ஆகவே, அறியாததை அறிந்ததுபோல் சொல்ல எவரும் அஞ்சினார்கள். சிபார்சு என்பது ஒருவகை ஜாமீனாகவே இருந்தது.

இன்று பட்டணங்களில் அடுத்த வீட்டில் இருப்பவர் யார் என்பதே பலருக்குத் தெரியாது. குழாய்க்காரர், மின்சார வேலைக்காரர், தச்சர், தையற்காரர், குளிர்சாதன மெக்கானிக், பல் வைத்தியர் ஆகிய எவர் வேண்டுமானாலும் ஜனங்கள் கைபேசியை எடுத்து, வரைபடத்தில் தேடி, பெயருக்குப் பக்கத்தில் எத்தனை நட்சத்திரம் என்று பார்க்கிறார்கள். 'ரிவ்யூ' என்று எல்லோரும் சொல்லுகிற மதிப்புரைகளில் நாலைந்தைப் படிக்கிறார்கள், பிறகு கூப்பிடுகிறார்கள். சாட்சி சொன்னவர் யார் என்று கேட்பதில்லை. கேட்டாலும் விடை கிடைப்பதில்லை. இந்த இடைவெளியில் ஒரு புதுத் தொழில் முளைத்திருக்கிறது. பொய்ச் சாட்சியை மொத்த விலைக்கும் சில்லறை விலைக்கும் விற்கும் தொழில் அது. அதை ஒடுக்க வேண்டும் என்பதில் இரண்டு அபிப்பிராயம் இருக்க முடியாது. எப்படி ஒடுக்குவது என்பதில்தான் நாம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

நஷ்டம் யாருக்கு?

இது ஏதோ பொழுதுபோக்கு விவகாரம் என்று நினைப்பவர்கள் ஒரு சிறு கணக்கைப் போட்டுப் பார்க்கட்டும். வேளச்சேரியில் ஒரு குழாய்க்காரர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பல வருஷம் உழைத்து 30 மதிப்புரைகள் பெற்றிருக்கிறார், சராசரி 4.8 நட்சத்திரம். போட்டிக்காரர் ஒருவர் காசு கொடுத்து ஒரே இரவில் பத்துப் பேரை ஒற்றை நட்சத்திரம் போடச் செய்கிறார். மறுநாள் காலையில் சராசரி 3.85. பழைய 4.8-ஐ மீண்டும் எட்ட வேண்டுமானால் அவருக்கு இன்னும் 190 பேர் ஐந்து நட்சத்திரம் போட வேண்டும். மாதத்துக்கு இரண்டு வாடிக்கைக்காரர் சிரத்தை எடுத்து எழுதினாலும் ஏறக்குறைய எட்டு வருஷம் ஆகும். ஒரு இரவில் செய்த அக்கிரமத்தைத் துடைக்க எட்டு வருஷம்!

ஹார்வர்டு வணிகக் கல்லூரி ஆசிரியர் மைக்கேல் லூகா, அமெரிக்காவில் சியாட்டில் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகளின் வரவையும் 'யெல்ப்' என்ற தளத்தில் அவற்றுக்கு இருந்த நட்சத்திரங்களையும் ஒப்பிட்டு 2011-ம் வருஷத்தில் ஓர் ஆராய்ச்சி வெளியிட்டார். நட்சத்திரம் ஒன்று கூடினால் வரும்படி நூற்றுக்கு 5 முதல் 9 வரை கூடுகிறது என்று அவர் கண்டார். இதைவிடக் கவனிக்கத்தக்கது மற்றொன்று. ஊர்தோறும் கிளை வைத்திருக்கும் பெரிய கம்பெனிகளின் கடைகளை நட்சத்திரம் அசைக்கவில்லை. தனி மனிதர் நடத்தும் கடைகளையே அசைத்தது. பெரிய கம்பெனிக்கு விளம்பரம் இருக்கிறது, பெயர் இருக்கிறது. சிறு தொழிலாளிக்கு இருப்பது நற்பெயர் ஒன்றே. அதுதான் அவருடைய மூலதனம். பொய் மதிப்புரை அந்த மூலதனத்தில் கை வைக்கும் திருட்டாகும்.

மறுபக்கத்தில் குடும்பஸ்தரும் ஏமாறுகிறார். கூலிக்கு எழுதிய புகழ்ச்சியை நம்பி, வேலை தெரியாதவனை வீட்டுக்குள் விட்டு, மின்சாரக் கம்பியையோ எரிவாயுக் குழாயையோ தொடச் சொல்லுகிறார். அதன் விளைவு பண நஷ்டத்தோடு நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

தொழில் நடக்கும் விதம்

2013-ம் வருஷத்தில் நியூயார்க் ராஜ்யத்தின் அட்டர்னி ஜெனரல் இலாகா ஒரு தந்திரம் செய்தது. இலாகாவின் ஆட்கள் புரூக்ளின் பகுதியில் யோகர்ட் கடை வைத்திருப்பவர்கள்போல் நடித்து, "எங்கள் கடையைப்பற்றிக் கெட்ட மதிப்புரைகள் வருகின்றன, உதவி செய்வீர்களா?" என்று விளம்பரக் கம்பெனிகளைக் கேட்டார்கள். சில கம்பெனிகள் கூச்சமின்றிப் பொய் எழுதித் தர முன்வந்தன. முடிவில் 19 ஸ்தாபனங்கள் பிடிபட்டு, மூன்றரை லட்சம் டாலருக்கு மேல் அபராதம் கட்டின. பஸ் வாடகைக்கு விடுவோரும் பல் வெளுப்போரும்கூட அவற்றில் இருந்தனர். பிலிப்பைன்ஸ், வங்காள தேசம், கிழக்கு ஐரோப்பா ஆகிய இடங்களில் உள்ள ஏழை எழுத்தாளர்களுக்கு மதிப்புரை ஒன்றுக்கு 1 டாலர் முதல் 10 டாலர் வரை கொடுத்து எழுதி வாங்கியது விசாரணையில் வெளிப்பட்டது. நியூயார்க்கைக் கண்ணால் காணாதவர்கள் நியூயார்க் கடைகளுக்குச் சாட்சி சொன்னார்கள்!

லண்டனில் ஊபா பட்லர் என்ற பத்திரிகையாளர் 2017-ம் வருஷத்தில் செய்த பரீட்சை இன்னும் விசித்திரமானது. டல்விச் பகுதியில் தாம் குடியிருந்த தோட்டக் கொட்டகையை ஒரு பெரிய உணவு விடுதி என்று 'டிரிப் அட்வைசர்' தளத்தில் பதிவு செய்தார். சவர நுரை முதலியவற்றைத் தட்டில் வைத்துப் பதார்த்தம்போல் படம் பிடித்தார். நண்பர்களைக்கொண்டு புகழ்ந்து எழுதச் செய்தார். ஒரு கவளம் சோறுகூடப் பரிமாறாத அந்த விடுதி, சில மாதங்களில் லண்டன் நகரத்து விடுதிகளிலெல்லாம் முதலிடம் பெற்றுவிட்டது.

புகழ்ச்சியை விற்பதோடு இந்தத் தொழில் நிற்கவில்லை. இகழ்ச்சியைக் காட்டிப் பணம் பறிக்கவும் தொடங்கியது. 2022-ம் வருஷம் ஜூலை மாதத்தில் சான் பிரான்சிஸ்கோ, நியூயார்க் முதலிய நகரங்களின் உணவு விடுதிகள்மீது ஒற்றை நட்சத்திரங்கள் மழையாகப் பொழிந்தன. பின்னாலேயே ஒரு கடிதம் வந்தது: 75 டாலர் மதிப்புள்ள பரிசுச் சீட்டு அனுப்பினால் நிறுத்துவோம் என்று. கடிதம் எழுதியவர்கள் தாங்கள் இந்தியாவில் வசிப்பவர்கள் என்றும், பிழைக்க வேறு வழியில்லை என்றும் சொல்லிக்கொண்டார்கள். அவர்கள் உண்மையில் எந்த நாட்டவர் என்பதற்கு அந்தக் கடிதம் சாட்சியமாகாது. ஆயினும் நம் தேசத்தின் வறுமை, வழிப்பறிக்குச் சாக்காக உலகத்தின்முன் வைக்கப்பட்டது என்பதை எண்ணும்போது நமக்குத் தலை குனிகிறது.

நம் நாட்டில் இதன் மற்றொரு முகத்தைப் பார்க்கிறோம். "வீட்டிலிருந்தே சம்பாதிக்கலாம், வரைபடத்தில் சில ஓட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் போதும்" என்று வாட்ஸப்பிலும் டெலிகிராமிலும் அழைப்பு வருகிறது. வேலையற்ற வாலிபர்களும், வீட்டிலிருக்கும் பெண்களும், ஓய்வு பெற்றவர்களும் அதற்கு இசைகிறார்கள். முதலில் சில நூறு ரூபாய் உண்மையாகவே வந்து சேருகிறது. பிறகு, பெரிய வேலைக்கு முன்பணம் கட்டச் சொல்லுகிறார்கள். கட்டிய பணம் திரும்புவதில்லை. ஆயுட்காலச் சேமிப்பை இழந்தவர்களும் உண்டு. பகுதி நேர வேலை என்ற பெயரால் மோசம் செய்த நூற்றுக்கு மேற்பட்ட தளங்களை மத்திய சர்க்கார் 2023-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில் முடக்கியது. பொய்ச் சாட்சி சொல்லக் கூலி வாங்கியவரே கடைசியில் கொள்ளை போகிறார். முதற் பொய்க்கு இணங்கியவரை இரண்டாவது பொய்யில் வீழ்த்துவது சுலபம் என்பதை மோசக்காரர்கள் நன்றாக அறிந்திருக்கிறார்கள். இத்தகைய வலையில் சிக்கியவர்கள் தாமதமின்றி 1930 என்ற எண்ணுக்குத் தெரிவிக்க வேண்டும்.

பொய்யைக் கண்டுகொள்வது எப்படி?

அமெரிக்காவில் கார்னெல் சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் 2011-ம் வருஷத்தில் சிகாகோ நகரத்து ஓட்டல்களைப்பற்றி 400 மெய்யான மதிப்புரைகளையும், கூலி கொடுத்து எழுதுவித்த 400 பொய் மதிப்புரைகளையும் கலந்து வைத்துப் பரீட்சித்தார்கள். படித்துப் பார்த்த மனிதர்களின் தீர்ப்பு, காசைச் சுண்டிப் பூவா தலையா பார்ப்பதைவிட அதிகம் மேலாக இல்லை. கணக்கு யந்திரமோ நூற்றுக்குத் தொண்ணூறு அளவில் சரியாகச் சொன்னது. காரணம், பொய்யிலும் ஒரு சாயல் இருந்தது. மெய்யாகத் தங்கியவர் குளியலறை, அறையின் அளவு, விலை என்று கண்டதைச் சொன்னார். தங்காதவர் தம் கணவரைப்பற்றியும், பிரயாணத்தின் நோக்கத்தைப்பற்றியும் பேசி, "மிகச் சிறந்தது" என்ற பாணியில் அளந்தார்.

வக்கீல் தொழிலில் பழகியவர்களுக்கு இது புதிதன்று. சம்பவத்தைக் கண்ட சாட்சி, வாசலில் கட்டியிருந்த மாட்டைப்பற்றியும் சொல்லுவான். கற்றுக்கொடுத்த சாட்சி, கற்றுக்கொடுத்ததை மட்டும் அழகாக ஒப்பிப்பான்.

ஆகவே, மதிப்புரை படிக்கும் நேயர்கள் சில விஷயங்களைக் கவனிப்பது நல்லது. வேலை இன்னதென்று சொல்லாமல் வெறும் புகழ்ச்சியோ வெறும் வசையோ இருந்தால் சந்தேகப்படுங்கள். பல மாதம் மௌனமாக இருந்த பெயருக்கு இரண்டு நாளில் இருபது மதிப்புரை வந்தால் சந்தேகப்படுங்கள். ஐந்தும் ஒன்றும் மட்டும் இருந்து, நடுவே மூன்றும் நாலும் இல்லாமற்போனால் சந்தேகப்படுங்கள். எழுதியவரின் பெயரைத் தொட்டு அவர் வேறெங்கே எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஒரே வாரத்தில் மதுரையில் தச்சரையும், டில்லியில் பல் வைத்தியரையும், துபாயில் தையற்கடையையும் ஒருவர் புகழ்ந்திருந்தால், அவர் பெரிய யாத்திரிகராக இருக்க வேண்டும். அல்லது பெரிய பொய்யராக இருக்க வேண்டும்.

ஆனால் இந்தச் சோதனைகளின் பலம் குறைந்து வருகிறது என்பதையும் சொல்லவேண்டும். 2022-ம் வருஷக் கடைசியிலிருந்து, கேட்டபடி எழுதித் தரும் யந்திரங்கள் எல்லோர் கைக்கும் வந்துவிட்டன. குளியலறையைப்பற்றி எழுது என்றால் குளியலறையைப்பற்றியும் அவை எழுதும். எழுத்தின் நடையைக்கொண்டு சாட்சியைச் சோதிக்கும் காலம் போய்க்கொண்டிருக்கிறது. இனிச் சோதிக்க வேண்டியது சாட்சி சொல்பவரையே.

விசாரணை வேறு, தணிக்கை வேறு

இங்கேதான் நம் முக்கியமான அபிப்பிராயத்தைச் சொல்ல விரும்புகிறோம். பொய்யைத் துடைக்கிறோம் என்ற பெயரால் கசப்பான மெய்யையும் துடைத்துவிடும் அபாயம் இருக்கிறது. அமெரிக்காவில் 'பேஷன் நோவா' என்ற துணிக் கம்பெனி, நாலும் ஐந்தும் நட்சத்திரம் பெற்ற மதிப்புரைகளைத் தானாகவே வெளிவரச் செய்து, அதற்குக் குறைந்தவற்றை வெளியிடாமல் நிறுத்தி வைத்தது என்ற குற்றச்சாட்டின்பேரில் 2022-ம் வருஷத்தில் 42 லட்சம் டாலர் செலுத்த நேர்ந்தது. அங்கே ஒரு பொய்யும் எழுதப்படவில்லை. மெய்யில் பாதியை மறைத்தார்கள். அது முழுப் பொய்யாயிற்று. "எங்களைப்பற்றிக் குறை எழுதமாட்டேன்" என்று வாடிக்கைக்காரரிடம் ஒப்பந்தம் எழுதி வாங்கும் வழக்கமும் அந்நாட்டில் இருந்தது. 2016-ம் வருஷச் சட்டம் அத்தகைய ஒப்பந்தங்களைச் செல்லாதவையாக்கிற்று.

1910-ம் வருஷப் பத்திரிகைச் சட்டத்தின்கீழ் ஜாமீன் தொகை கட்டித் துன்பப்பட்ட பரம்பரை தமிழ்ப் பத்திரிகைகளுடையது. எழுத்து கசக்கிறது என்பதற்காக அதை அடக்குவது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை அப்பரம்பரை அறியும். மூவாயிரம் ரூபாய் வாங்கிக்கொண்டு மூன்றாம் நாளே ஒழுகும் குழாயை வைத்துவிட்டுப் போனவரைப்பற்றி ஒரு குடும்பஸ்தர் எழுதினால், அதை எழுத அவருக்கு முழு உரிமை உண்டு. அதை அழிக்க எவருக்கும் உரிமை இல்லை.

ஆகையால் விதி இதுவாக இருக்கவேண்டும்: சொன்னது இனிப்பா கசப்பா என்று பார்ப்பது தணிக்கை. சொன்னவர் யார், உண்மையில் வேலை செய்வித்தவர்தானா, எவரிடமாவது கூலி வாங்கினாரா என்று பார்ப்பது விசாரணை. நாம் வேண்டுவது விசாரணை. தணிக்கையை நாம் ஒருபோதும் வேண்டமாட்டோம்.

சட்டம் என்ன சொல்லுகிறது?

நம் நாட்டில் சட்டமே இல்லை என்று சொல்ல முடியாது. 2020-ம் வருஷத்து மின்வணிக விதிகள், விற்பவர் வாங்குபவர்போல் வேஷம் போட்டு மதிப்புரை எழுதக்கூடாது என்று தடுக்கின்றன. 2022-ம் வருஷம் நவம்பர் மாதத்தில் இந்தியத் தர நிர்ணயக் கழகம், ஐ.எஸ். 19000 என்ற தர விதியை வெளியிட்டது. எழுதுபவரின் மின்னஞ்சலையோ தொலைபேசியையோ கொண்டு அவரை உறுதிப்படுத்த வேண்டும், மதிப்புரையைத் திருத்தி வெளியிடக்கூடாது, கூலிக்கு எழுதியதை ஏற்கக்கூடாது என்பவை அதன் சாரம். நல்ல விதிதான். ஆனால் இஷ்டப்பட்டவர் அனுசரிக்கலாம் என்ற அளவிலேயே அது வெளிவந்தது. 2024-ம் வருஷம் மே மாதத்தில் அதைக் கட்டாயமாக்கும் யோசனைபற்றிச் சர்க்கார் கம்பெனிகளுடன் கலந்து பேசியது.

மற்ற நாடுகள் இஷ்டத்துக்கு விடவில்லை. அமெரிக்காவில் பொய் மதிப்புரையை வாங்குவதும் விற்பதும் 2024-ம் வருஷம் அக்டோபர் முதல் தனி விதியால் தடுக்கப்பட்டிருக்கின்றன. அவ்விதி வந்தபோது மீறல் ஒவ்வொன்றுக்கும் 51,744 டாலர் வரை தண்டம் விதிக்க இடமிருந்தது. பிரிட்டனில் 2024-ல் இயற்றிய சட்டம் 2025-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் அமலுக்கு வந்தது. மீறும் கம்பெனியின் உலக வரவில் பத்தில் ஒரு பங்கு வரை அங்கே அபராதமாகலாம்.

நட்சத்திரங்களைக் காட்டும் பெரிய கம்பெனிகள், "நாங்களே களையெடுக்கிறோம்" என்கின்றன. கூகிள் கம்பெனி 2023-ல் 17 கோடிக்கு மேலும், 2024-ல் 24 கோடிக்கு மேலும் விதி மீறிய மதிப்புரைகளை நீக்கியதாகவோ தடுத்ததாகவோ சொல்லியிருக்கிறது. அந்தக் கணக்கு முயற்சியின் அளவைக் காட்டுகிறது. நோயின் அளவையும் காட்டுகிறது. இந்தக் கம்பெனிகள் சாட்சியையும் சேகரிக்கின்றன, தீர்ப்பையும் சொல்லுகின்றன, அதே கடைக்காரரிடம் விளம்பரப் பணமும் வாங்குகின்றன. நியாயாதிபதி கட்சிக்காரரிடம் கடை வாடகை வாங்கினால், தீர்ப்பில் குற்றம் இல்லாவிட்டாலும் சந்தேகம் இருக்கும்.

சர்க்கார் செய்ய வேண்டியவை நான்கு. முதலாவது, 2024-ல் எழுந்த யோசனை காகிதத்தில் உறங்காமல், தர விதி கட்டாயமாக்கப்பட வேண்டும். இரண்டாவது, வரைபடத்தில் பெயரும் நட்சத்திரமும் காட்டும் தளங்களும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அங்கே விற்பனை நடப்பதில்லையாதலால், மின்வணிக விதிகள் அங்கே எட்டுமா என்பது வாதத்துக்கு இடமானது. அந்த வாதத்துக்கு இடம் வைக்கக்கூடாது. மூன்றாவது, தண்டனை மொத்த வியாபாரிமீதும், வாங்கிய முதலாளிமீதும் விழவேண்டும். ஐம்பது ரூபாய்க்கு எழுதிய ஏழைமீது முதலில் பாயக்கூடாது. நான்காவது, ஒரு மதிப்புரை நீக்கப்பட்டால் எழுதியவருக்கும், நீக்க மறுத்தால் தொழிலாளிக்கும், காரணம் அவரவர் தாய்மொழியில் சொல்லப்பட வேண்டும்.

தொழிலாளிக்கு இப்பொழுதே ஒரு வழி இருக்கிறது. அதைப் பலர் அறியார். 2021-ம் வருஷத் தகவல் தொழில்நுட்ப விதிகளின்படி ஒவ்வொரு தளமும் குறை கேட்கும் அதிகாரி ஒருவரை வைத்திருக்க வேண்டும். அவர் புகாரை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு, விதியில் குறித்த காலத்துக்குள் முடிவு சொல்லவேண்டும். முடிவில் திருப்தி இல்லையென்றால் 30 நாளுக்குள் மேல்முறையீட்டுக் குழுவிடம் போகலாம். 2022-ம் வருஷத் திருத்தம் அந்த உரிமையை அளித்தது. ஆனால் கையில் குறடு பிடிப்பவர் ஆங்கிலத்தில் மனு எழுத இயலுமா? தொழிலாளர் சங்கங்களும், வியாபாரிகள் சங்கங்களும், உள்ளூர் வக்கீல்களும் இந்தக் காரியத்தைத் தங்கள் கடமையாக ஏற்கவேண்டும். ஒவ்வொரு சங்கத்திலும் இதற்கென ஒருவர் இருந்தால் போதும்.

நம் கடமை

இறுதியாக நம் வாசகர்களுக்கு ஒரு வார்த்தை. பத்திரிகைகளும் இந்த விஷயத்தில் முழுச் சுத்தமானவை அல்ல. சர்வரோக நிவாரணி என்று மருந்து விற்றவர்கள் 'நற்சாட்சிப் பத்திரங்கள்' அச்சிட்ட விளம்பரங்களைப் பத்திரிகைகள் பணம் வாங்கிக்கொண்டு போட்ட காலம் உண்டு. ஆகையால் பிறரைக் குற்றம் சொல்லும்போது நம்மையும் சேர்த்தே சொல்லிக்கொள்கிறோம்.

மச்சான் கடை என்பதற்காக, போகாத கடைக்கு ஐந்து நட்சத்திரம் போடுவதும் பொய்ச் சாட்சிதான். கட்சி வேற்றுமைக்காகவும் சாதி வேற்றுமைக்காகவும் ஒருவருடைய பிழைப்பின்மீது ஒற்றை நட்சத்திரத்தை எறிவது அதைவிடக் கொடியது. தேசத் தொண்டர்கள் சிலர் இதையும் ஒரு போராட்ட முறையாக நினைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். நாம் அதை வன்மையாகக் கண்டிக்கிறோம். ஒருவருடைய கொள்கையை எதிர்க்க மேடை இருக்கிறது. அவருடைய குடும்பத்தின் சோற்றில் மண்ணைப் போடுவது எதிர்ப்பு ஆகாது.

கோர்ட்டில் சத்தியம் செய்து பொய் சொன்னவருக்கு ஏழு வருஷம் வரை சிறை விதிக்கலாம் என்கிறது நம் சட்டம். கைபேசியில் பொய் சொல்பவருக்குக் கூண்டு இல்லை, சத்தியப் பிரமாணம் இல்லை, குறுக்கு விசாரணையும் இல்லை. மனச்சாட்சி ஒன்றே இருக்கிறது. நல்ல வேலை செய்து கொடுத்த குழாய்க்காரரைப்பற்றி, என்ன வேலை, எத்தனை நாள், என்ன கூலி என்று நாலு வரி மெய்யாக எழுதுவது இரண்டு நிமிஷத்து வேலை. பொய்யர்கள் கூலிக்கு எழுதுகிறார்கள். மெய்யர்கள் சோம்பலால் எழுதாமல் இருக்கிறார்கள். இந்நிலை மாறாதவரை எந்தச் சட்டமும் அந்த ஏழைத் தொழிலாளியைக் காப்பாற்றாது.